பெயர் அறியப்படாத மாடல்

ஜனவரி 9, திங்கள்

இந்த டைரி எங்கள் கடையில் அடித்ததுதான். பைண்டிங் கோணலாகிவிட்டது என்று கஸ்டமர் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி ஷாநவாஸ் பாய், "ஆளுக்கொன்னு எடுத்துக்கங்க, வருஷம் கோணலாப் போவாம இருந்தாச் சரி" என்றார். எட்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பவளுக்கு எழுத என்ன இருக்கிறது?

இன்று இருக்கிறது.

காலையில் பெரிய வேலை ஒன்று வந்தது. ஓவியக் கல்லூரியின் பழைய மாணவர்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி. இருபத்தெட்டாம் தேதி திறப்பு. நாற்பத்திரண்டு படங்கள். ஒரு கேட்டலாக், படங்களுக்குக் கீழே சுவரில் ஒட்ட நாற்பத்திரண்டு லேபிள்கள். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. கண்காட்சியை நடத்தும் மைதிலி மேடத்தின் முன்னுரையை முதலில் அடித்தேன். நூற்றுமுப்பது வருடங்களுக்கு முன்பு பிரான்ஸில் சில ஓவியர்கள் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனதில் படுவதை வரைந்தார்களாம். அதற்குப் பெயர் பின்-இம்ப்ரஷனிசம். மஞ்சள் முகம், பச்சை நிழல், நீலக் கோடு. அந்தப் பாணியில் நம்மவர்கள் வரைந்த முகங்களைத்தான் மாட்டப்போகிறார்கள். மனதில் படுவது என்றால் யாருடைய மனதில் என்று முன்னுரையில் இல்லை.

மத்தியானம் படங்களைப் பக்கங்களில் பொருத்திக்கொண்டு வந்தேன். பதினேழாவது ஃபைலைத் திறந்தேன்.

என் அம்மா.

ஜனவரி 10, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று விவரமாக எழுதுகிறேன்.

ஒரு மேஜை, அது நம்மை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. அதில் அம்மா இடது முழங்கையை ஊன்றி, கன்னத்தை மடக்கிய கையில் வைத்திருக்கிறாள். பின்னால் சுவர் முழுக்கக் கடுகுப்பூ மஞ்சள். புடவை ஊதா. முகத்தில் பாதி பச்சை. காமாலை முற்றியவள் மாதிரி இருக்கிறாள். புருவத்தில் தையல் போட்ட தழும்பை மட்டும் ஓவியன் உள்ளபடியே வரைந்திருக்கிறான். அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கான லேபிள் வாசகம், மேடம் அனுப்பியபடி:

"எண் 17. துயரம். பெயர் அறியப்படாத மாடல். ஓவியர்: குணாளன். கேன்வாஸில் தைலவண்ணம், 2011. தனிமையின் அடியாழத்தில் உறைந்துவிட்ட ஒரு பெண், இனி வரப்போகாத யாரையோ பார்த்தபடி."

பெயர் அறியப்படாத. அறிய யார் முயற்சி செய்தது? மேஜை என்ன மரம் என்று கேட்டால்கூட எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

அம்மா அந்தக் கல்லூரியில் ஆறு வருடம் மாடலாக உட்கார்ந்தாள். மாடல் என்றால் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் இருப்பவள். அந்த வேலையைப் பற்றி என்னிடம் அவள் பேசியதில்லை. பக்கத்து வீட்டு ஃபிலோ அத்தையிடம்தான் பேசுவாள். நான் உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். "ஒக்காந்து சாப்புடறவள நாலு பேரு பாத்திருக்க. ஒக்காந்து சம்பாரிக்கிறவள பாத்திருக்கியா ஃபிலோ?" என்று சொல்லிச் சிரிப்பாள். இருபத்தைந்து நிமிடம் அசையக் கூடாது, அப்புறம் ஐந்து நிமிடம் இடைவேளை. முதுகில் தொடங்கி இடுப்புக்கு வந்து தொடை மரத்துப்போகும். மூக்கில் ஈ உட்காரும். மூத்திரம் முட்டும். "அப்ப மூஞ்சி எப்படி இருக்கும்? அதையும் வரையுதுங்க புள்ளைங்க, ரொம்ப எஃபெக்ட்டா இருக்குன்னு."

அதுதான் அடியாழம். மூத்திரம் முட்டிய முகத்துக்கு மேடம் துயரம் என்று பெயர் வைத்திருக்கிறார். பசித்தவன் முகம் தத்துவம், முதுகு வலித்தவள் முகம் தனிமை. ஏசி அறையில் நின்று பார்க்கிறவர்களுக்கு நம்மவர்களின் எல்லா வலியும் அழகாகத்தான் இருக்கும்.

ஜனவரி 11, புதன்

பன்னிரண்டாம் பக்கம் வரை புரூஃப் முடிந்தது. பதினேழைத் தொடவில்லை.

ஜனவரி 12, வியாழன்

மைதிலி மேடத்துக்குப் போன் செய்தேன். அச்சகத்திலிருந்து பேசுகிறேன், பதினேழாம் லேபிளில் ஒரு சந்தேகம் என்றேன்.

"சொல்லுங்கம்மா. ஸ்பெல்லிங்கா?"

"இல்ல மேடம். பெயர் அறியப்படாதன்னு போட்டிருக்கீங்க. காலேஜ்ல கேட்டீங்களா?"

"அது குணாளனே சொன்னதும்மா, பேர் தெரியாதுன்னு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. பேர் இல்லாததுதான் அந்தப் படத்தோட பலமே. அவங்க ஒரு தனி ஆள் இல்ல, எல்லாப் பெண்களும் அவங்கதான்."

"எல்லாப் பெண்களும்னா நீங்களும்தான மேடம்? முன்னுரைக்குக் கீழ உங்க பேரு மட்டும் பெருசா போட்டிருக்கு?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார், கோபமில்லாமல்.

"லேபிள் அடிக்கிறவ. இந்தம்மா பேரு எனக்குத் தெரியும்."

"அப்ப ஒரு ரெக்கார்டு கொண்டுவாங்க. காலேஜ்ல மாடல்ஸுக்கு வருகைப் பதிவேடு இருக்கும். அதுல இருந்தாப் போட்டுடலாம். இருபத்தி நாலாம் தேதி அச்சுக்குப் போயிடும், அதுக்குள்ள."

அந்தப் பெண்ணின் மகள் நான் என்று ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லை, அவ்வளவுதான். இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று முடிவு. இருபத்தெட்டாம் தேதி அந்தப் படத்துக்குக் கீழே அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். சகாயராணி. ஐந்து எழுத்துதான், இடம் போதும்.

ஜனவரி 14, சனி

போகி. வியாசர்பாடி முழுக்கப் புகை. எங்களுக்குப் போகி இல்லையென்றாலும் பழையதைக் கிளறத் தடையில்லை. அம்மாவின் தகரப்பெட்டியைக் கொட்டினேன். போட்டோ ஏதாவது கிடைக்குமா என்று. ஞானஸ்நானச் சீட்டு, ஜெபமாலை, என் மார்க் ஷீட்டுகள் எல்லாம் வரிசையாக. போட்டோ இல்லை. 2021 மே மாதம் அவள் செத்தபோது ஆதார் அட்டையிலிருந்த தலையை வெட்டி எடுத்து நானேதான் பெரிதாக்கி அஞ்சலி போஸ்டர் அடித்தேன். எவ்வளவு சரிசெய்தும் திருடியைப் போலவே இருந்தாள். மற்றவர்களின் அம்மாக்களுக்கெல்லாம் கன்னத்துச் சுருக்கத்தை எடுத்து வெளிச்சம் ஏற்றிக் கொடுக்கிற எனக்கு, என் அம்மா கேமரா முன்னால் சிரித்த ஒரு படம் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் இருந்தேன். படிப்புக்காக. அதனால்தான் சேர்ந்து எடுத்த படமும் இல்லை.

ஃபிலோ அத்தை இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்து, "இப்பத்தான் அம்மா ஞாபகம் வந்துச்சா பிரிஸ்கி?" என்றாள். வந்த ஆத்திரத்தில் இட்லியைத் தொடவில்லை. சாயந்திரம் பசித்தது, சாப்பிட்டேன்.

ஜனவரி 18, புதன்

கல்லூரிக்குப் போனேன். அரைநாள் லீவு.

அலுவலக உதவியாளர் தணிகாசலம் என்பவர்தான் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதலில் என்னை மாடல் வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டார். "ஆள் ஃபுல்லா இருக்கும்மா, ஜூன்ல வா" என்றார். காது சுட்டது. பிறகு, ஏன் சுட வேண்டும் என்று அதற்கும் ஒரு கோபம்.

பதிவேடு இருக்கும் அறைக்குப் போகும் வழியில் வகுப்பறை. கதவு திறந்திருந்தது. நடுவில் ஒரு மரமேடை, அதில் ஒரு நாற்காலி. நாற்காலிக் கால்களைச் சுற்றியும், ஓர் ஆளின் பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு. இடைவேளைக்கு எழுந்துபோகும் மாடல் திரும்பி வந்து அதே கோட்டுக்குள் காலை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் மாறிவிடும் என்றார் தணிகாசலம். கொலை நடந்த இடத்தில் போலீஸ் போடும் கோடு மாதிரி இருந்தது.

"எந்த மாசம்?"

"2011 மார்ச் சார், படத்து மூலையில போட்டிருக்கு. குணாளன்னு ஒருத்தர் வரைஞ்சது. அவருக்குக் கடைசி வருஷம்."

தூசி தட்டி எடுத்தார். மார்ச் பக்கம். ஐந்து பெயர்கள். இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள். அமலா, முனியம்மாள், வசந்தா. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். சகாயராணி இல்லை.

"நல்லாப் பாருங்க. எங்கம்மா இங்க ஆறு வருஷம் வேலை பார்த்தாங்க."

"நீதாம்மா பாக்குற. எனக்கென்ன, இருந்தா மறைக்கப்போறேனா?"

"ஆறு வருஷம் அந்த மேடையில உக்காந்தவ பேரைக்கூட ஒழுங்கா எழுதி வைக்கத் துப்பில்ல, இதுக்குப் பேரு கல்லூரி!"

"அம்மாடி, கத்தாத. முன்ன பின்ன மாசத்தையும் பாப்போம், உக்காரு..."

உட்காரவில்லை. வந்துவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லோரையும் திட்டினேன். ஓவியனை, மேடத்தை, தணிகாசலத்தை. இந்த ஊரில் நாய்க்கு லைசென்ஸ் இருக்கிறது. மரத்துக்கு நம்பர் அடிக்கிறார்கள். உழைத்தவளுக்குப் பெயர் இல்லை.

ஜனவரி 19, வியாழன்

ரெக்கார்டு இல்லாவிட்டால் போகிறது, கீபோர்டு என் கையில்தானே இருக்கிறது. பதினேழாம் லேபிளை மாற்றினேன்.

"எண் 17. முதுகுவலி. சகாயராணி (1970–2021)."

தனிமையின் அடியாழம் என்ற வரியையும் எடுத்துவிட்டேன். புரூஃப் ஷீட்டை மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். மற்ற நாற்பத்தொன்றுக்கு நடுவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஷாநவாஸ் பாய் ஒரு புள்ளி விடாமல் பார்க்கிறவர் என்பது ஆறு வருடம் வேலை செய்தவளுக்கு மறந்துபோயிற்று.

"பிரிஸ்கில்லா. இங்க வாம்மா. இது என்னது, முதுகுவலி? தைலம் விளம்பரமா?"

"அதுதான் பாய் உண்மை."

"உண்மைய நம்மகிட்ட யாரு கேட்டா? கஸ்டமர் என்ன எழுதினாலும் அத அடிக்கிறதுதான் நம்ம தொழிலு. மணமகன் பேர மாத்தி அடிச்சா கல்யாணம் என்னாவும்? யாரு இந்த சகாயராணி?"

"எங்கம்மா."

கண்ணாடியைக் கழற்றினார். திரையில் இருந்த படத்தைக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"உங்கம்மா மவுத்தானப்ப நான் வந்தேனே. போஸ்டர்ல பாத்த முகம் இது இல்லியே."

"அது ஆதார் போட்டோ பாய்."

"ஏம்மா, அவங்க ஸ்கூல்ல ஆயான்னுதான சொன்ன? வேலைக்குச் சேந்தன்னிக்கு நான் கேட்டேன், நீ சொன்ன. ஆறு வருஷமா அதத்தான் நான் நெனச்சிட்டிருக்கேன்."

என் பதிலுக்குக் காத்திராமல், "ஃபைல பழையபடி மாத்தி வை. இருபத்தி நாலு வரைக்கும் டயம் இருக்கு. நேர் வழில கேட்டு வாங்கு, நானே மெஷின்ல ஏத்தறேன்" என்றார்.

மாற்றி வைத்தேன். பெயர் அறியப்படாத மாடல். நானே, என் விரலால்.

ஜனவரி 20, வெள்ளி

தணிகாசலம் போன் செய்தார். விசிட்டர் நோட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து.

"நீ பாட்டுக்குக் கோவமாப் போயிட்டம்மா. பிப்ரவரியப் பாக்கவே இல்ல. நான் பாத்தேன். சகாயராணி இருக்குது. 2007லேந்து 2011 பிப்ரவரி வரைக்கும் இருக்குது. மார்ச் ஒன்னாந்தேதிலேந்து அந்த எடத்துல வசந்தான்னு இருக்குது. கையெழுத்து ஒன்னுதான். எனக்கே இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தம்மாவே வந்து கேட்டுச்சு. 'சார், எம்பேர எடுத்துட்டு வேற எதுனா போடுங்க, பொண்ணு படிக்குது'ன்னு. சூப்பிரண்டண்டு ஒத்துக்கவே இல்ல. மூணு நாளு அவரு ரூம் வாசல்லயே நின்னுச்சு."

நன்றி சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை.

அவர்கள் அழிக்கவில்லை.

இன்று மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு மஞ்சள் நீராட்டு.

ஜனவரி 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

2011 பிப்ரவரி. எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் ஒருத்தியின் அண்ணன் அந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த என் அம்மாவை அவன் வாசலில் பார்த்துவிட்டான். மறுநாள் இடைவேளை முடிந்து வந்தபோது கரும்பலகையில் துணியில்லாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கீழே என் அம்மாவின் பெயர். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, முழுதாக, தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். டீச்சர் வந்தார். டஸ்டரால் துடைத்தார். வரைந்தது யார் என்று கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மாவை வேற ஏதாவது மரியாதையான வேலை பார்க்கச் சொல்லு" என்றார்.

வரைந்தவளுக்கு ஒன்றுமில்லை. சிரித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. என் அம்மாதான் மரியாதையைத் தேடிக்கொண்டு போக வேண்டும். கக்கூஸ் கழுவப் போனால் நாற்றம் என்பார்கள், வீட்டு வேலைக்குப் போனால் பாத்திரத்தைத் தனியாக வைப்பார்கள், நாற்காலியில் சும்மா உட்கார்ந்தால் மானம் போயிற்று என்பார்கள். எது மரியாதையான வேலை என்று அந்த டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் டீச்சரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் பேசினேன். பேசியது இது:

"இனிமே ஸ்கூல் பக்கம் வராத. நீ எனக்கு அம்மான்னு யார்கிட்டயும் சொல்லாத. அங்க உன் பேரே இருக்கக்கூடாது."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சரி என்றாள். அடுத்த வாரம் நான் ஹாஸ்டலுக்குப் போனேன்.

ஜனவரி 23, திங்கள்

படங்களை மாட்டும் நாள். லேபிள் அளவு சரிபார்க்க வேண்டும் என்று பாய் என்னை அனுப்பினார். வேண்டுமென்றேதான் அனுப்பினார்.

பதினேழு இன்னும் மாட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்து நின்றது. கம்ப்யூட்டரில் பார்த்தது வேறு. பெயிண்ட் விரல் தடிமனுக்கு அப்பியிருக்கிறது. கையில் அழுந்திய கன்னம் உண்மையில் அழுந்தியிருக்கிறது. அம்மா உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் இடதுபக்கமாக எதையோ பார்க்கிறாள்.

"தொடாதீங்க, ப்ளீஸ்" என்று பின்னால் ஒரு குரல். தாடி, அழுக்கு ஜீன்ஸ். குணாளன். புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறான். இவனைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று பதினாலு நாளாக மனதில் எழுதி வைத்திருந்தேன்.

"இவங்க பேரு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தெரியாதுன்னு எழுதக் குடுத்தீங்க? நாலு வருஷம் பாத்துப் பாத்து வரைஞ்சீங்க. உங்க பேரு கீழ மூலையில சிவப்புல இருக்கு. அவங்களுக்கு ஒரு வரி குடுக்கக் கை வரலையா? சோத்துக்காக உக்காந்தவதானேன்னு நெனப்பா?"

படத்தை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேன்வாஸைத் திருப்பினான். பின்பக்கத் துணியில் பென்சிலால் எழுதியிருந்தது: "சகாயம் அக்கா. மார்ச் 2011. ஐந்து நாள்."

"பிப்ரவரி வரைக்கும் சகாயம் அக்கான்னுதான் கூப்பிட்டோம். திடீர்னு ஒருநாள் வசந்தான்னு கூப்பிடுங்கன்னாங்க. படம் முடிஞ்சப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, 'தம்பி, இது எங்க மாட்டினாலும் எம்பேரு வரக்கூடாது, சத்தியம் பண்ணு'ன்னாங்க. பண்ணேன். பன்னெண்டு வருஷமா கேட்ட எல்லார்கிட்டயும் தெரியாதுன்னுதான் சொல்றேன். இப்பச் சொல்லுங்க, நீங்க யாரு?"

"பொண்ணு" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். ஓவியர்கள் பார்ப்பது போல.

இவனைத் திட்ட ஒரு காரணமாவது மிச்சம் வேண்டும் என்றிருந்தது எனக்கு. "சரி, துயரம்னு எதுக்குப் பேரு வெச்சீங்க? எங்கம்மா சிரிச்சிட்டே இருக்கிறவங்க. முதுகுவலியோட உக்காந்திருந்தாங்க. அத நீங்க சோகம்னு வரைஞ்சிட்டீங்க. பச்சை பச்சையா அடிச்சா எல்லாரும் சோகமாத்தான் தெரிவாங்க."

"முதுகுவலி எப்பவும் உண்டுங்க. அவங்களை வெச்சு நாப்பது படமாவது பண்ணியிருப்பேன். இடைவேளைன்னு சொன்ன உடனே மொத ஆளா எழுந்து, இடுப்பைப் புடிச்சிக்கிட்டு, எங்க எல்லார் படத்தையும் சுத்திப் பாத்து கிண்டல் பண்ணுவாங்க. 'என்னடா, என் மூக்க எங்க வெச்சிட்ட'ன்னு. அந்த அஞ்சு நாள் மட்டும் எழுந்திருக்கல. இடைவேளைன்னு சொன்னோம். காதுல விழல. திரும்பச் சொன்னோம். அப்படியே உக்காந்திருந்தாங்க. எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நான் வரைஞ்சிட்டேன்."

அப்புறம் அவன் சொன்னான்: "உங்களுக்காகத்தான் மறைக்கச் சொன்னாங்க. இப்ப நீங்க போடணும்னா போட்டுடலாம். மேடம்கிட்ட நான் பேசறேன்."

லேபிளின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். கடைக்கு வந்து பார்த்தால் நீளத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன், அகலத்தை எழுதவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

அச்சுக்குப் போகும் நாள். காலையிலேயே அடித்து மேடத்துக்கு அனுப்பினேன்.

"எண் 17. துயரம். மாடல்: சகாயராணி (1970–2021), வியாசர்பாடி. ஓவியர்: குணாளன். கேன்வாஸில் தைலவண்ணம், 2011. அம்மாவின் பெயர் எங்கும் இருக்கக்கூடாது என்று மகள் பிரிஸ்கில்லா சொன்னதால், இந்த ஓவியத்துக்கு இவர் வசந்தா என்ற பெயரில் அமர்ந்தார்."

தலைப்பை மாற்றவில்லை. அது சரிதான்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"பிரிஸ்கில்லா, குணாளன் சொன்னார். ஐ ஆம் ஸோ சாரிம்மா. பேர் கண்டிப்பாப் போட்டுடலாம். ஆனா அந்தக் கடைசி வரி வேணாமே. உங்களுக்கே சங்கடம். அப்புறம், பாக்கிறவங்களுக்குப் படத்தைவிட அந்தக் கதை பெருசாயிடும்."

"கதை இல்ல மேடம். மேஜை, சுவரு மாதிரி அதுவும் படத்துல இருக்கிறதுதான். தனிமைன்னு எழுதினீங்கள்ல? தனிமை மழை மாதிரி மேலேர்ந்து கொட்டாது. யாரோ ஒருத்தர் குடுக்கணும். குடுத்தது யாருன்னும் போடுங்க."

"அந்த வரி மட்டும்..."

பாய் என் கையிலிருந்து போனை வாங்கினார். "மேடம், அஸ்ஸலாமு அலைக்கும், ஷாநவாஸ் பேசறேன். ஃபைல் மெஷினுக்குப் போயிடுச்சே. இனிமே நிறுத்தினா நாப்பத்திரெண்டும் திரும்ப மொதல்லேந்து, திறப்பு விழாவுக்குக் கிடைக்காது. அல்லாமேல சத்... சத்தியம் எல்லாம் வேணாம், நான் சொல்றேன், நம்புங்க."

மெஷினுக்கு அப்போது சுவிட்சே போடவில்லை. போனை வைத்துவிட்டு, "பொய் சொல்ல வெச்சிட்டியே. போ, சீக்கிரம் ஏத்து, நெஜமாக்கணும்" என்றார்.

ஜனவரி 28, சனி

திறப்பு விழா. பாய் மத்தியானத்தோடு என்னை அனுப்பிவிட்டார். ஃபிலோ அத்தையும் வந்தாள். படத்தைப் பார்த்தவுடன், "அடிப்பாவி சகாயம், ஊதாப் புடவை எங்கிட்ட கடன் வாங்கினதுடி" என்று சத்தமாகச் சொல்லி அழுதாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பதினேழுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மக்கள் வந்தார்கள். முதலில் படத்தைப் பார்த்தார்கள், தலையைச் சாய்த்து, அழகு அழகு என்று. பிறகு லேபிளைப் படித்தார்கள். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண், "எப்படிப்பட்ட பொண்ணு பாருங்க. பெத்தவகிட்ட இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்துச்சோ" என்று தன் கணவனிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "இல்லம்மா?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்கு மகள் இருந்து, அவள் வகுப்புக் கரும்பலகையில் படம் வரைகிறவளாக இருந்தால், அதை அம்மா கேட்டுத் தெரிந்துகொள்வாளா என்றும் கேட்க நினைத்தேன். அதற்குள் ஜூஸ் கொடுக்கும் பக்கம் போய்விட்டார்கள்.

ஐந்தரை மணிக்குக் கல்லூரி ஆட்கள் வந்தார்கள். தணிகாசலம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, லேபிளைப் படித்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்களோடு வந்த ஒரு பெண் மட்டும் கூட்டத்தில் சேராமல் சுவரோரமாக நடந்தாள். நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிற புடவை, தோளில் ரெக்ஸின் பை. பதினேழுக்கு முன்னால் நின்று லேபிளை விரல் வைக்காத குறையாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இது நீ அடிச்சதா?" என்று கேட்டாள். தணிகாசலம் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாக்கா."

"நல்லாருக்கு." எதிர்ச் சுவரைக் கண்ணால் காட்டினாள். "அந்த முப்பத்தொன்னு நான்தான்."

போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பெண், தலை குனிந்து, முடியெல்லாம் நீலத் தீற்றல். கீழே என் எழுத்துரு, என் அளவு. எண் 31. மௌனம். பெயர் அறியப்படாத மாடல். அந்த லேபிளையும் நான்தான் அடித்தேன். பதினேழைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்தேன். புள்ளி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். இந்த முகம் என் கண்ணில் விழவே இல்லை.

திரும்பி ஓடினேன். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள்.

"அக்கா, உங்க பேரு சொல்லுங்க. நாளைக்கே புது லேபிள் அடிச்சு ஒட்டிடறேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல, நானே ஒட்டறேன்."

அவள் பதினேழைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் ஏதோ சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்டது போல.

"வேணாம்மா. பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா."

"எந்த ஸ்கூல்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டைக்கு இழுப்பது போல இருந்தது.

அவள் சொல்லவில்லை.